நிறம் பார்த்துச் செடி வைப்பது: வீட்டுத் தோட்டத்துக்கு ஓர் அரிச்சுவடி

நர்சரிக்குள் நுழைந்தால் கை தானாகப் பூத்து நிற்கும் செடிகள் பக்கம்தான் போகும். சிவப்பு இட்லிப்பூ ஒன்று, மஞ்சள் அலமண்டா ஒன்று, ரோஸ் அரளி ஒன்று, ஊதாவில் ஏதோ ஒன்று. வண்டியில் ஏற்றும்போது அழகாக இருந்தவை, வீட்டில் வைத்த பிறகு ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். செடிமேல் குற்றம் இல்லை. பத்துச் செடிக்குப் பத்து நிறம் என்றால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது.

இந்த அலைச்சலைக் குறைப்பதுதான் 'கலர் தீம்' என்று சொல்லப்படும் முறை. ஒரு நிறம் முதன்மையாக இருக்கும், இன்னொன்று அதற்குத் துணை நிற்கும், மூன்றாவது அங்கங்கே கொஞ்சம் தலைகாட்டும். பத்துச் செடி வாங்கினால் ஆறு, மூன்று, ஒன்று என்ற கணக்கு போதும். இதில் கடினமான பகுதி செடியைத் தேடிப் பிடிப்பது அல்ல. கண்ணுக்குப் பிடித்த மற்ற ஏழு நிறங்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது.

இங்கே சொல்லப்படுபவை தமிழ்நாட்டுச் சமவெளிக்கானவை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டின் செடிப் பட்டியல் வேறு.

எந்த நேரத்தில் பார்ப்பீர்கள்?

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. 'எனக்கு எந்த நிறம் பிடிக்கும்' என்பது அதற்குப் பிறகுதான். வேலைக்குப் போகிறவர்கள் தோட்டத்தைப் பார்ப்பது காலை ஏழு மணிக்கும் மாலை ஆறரைக்குப் பிறகும். அந்தி வெளிச்சத்தில் நிறங்கள் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. பகலில் பளிச்சென்று தெரிந்த சிவப்பு இட்லிப்பூ, பொழுது சாய்ந்ததும் கறுத்துப்போய் இலையோடு கலந்துவிடும். வெள்ளையும் வெளிர்நீலமும் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கினியே இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்து எழுதினார். நம் கண்ணில் பகலுக்கு ஒரு வகைச் செல்லும் மங்கலான வெளிச்சத்துக்கு இன்னொரு வகைச் செல்லும் வேலை செய்கின்றன. மங்கல் வெளிச்சத்துக்கான செல்கள் சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை.

நடுப்பகல் இதற்கு நேர்மாறு. நம் ஊரில் உச்சிவெயில் தலைக்கு மேலிருந்து அடிக்கும். அந்த வெளிச்சத்தில் வெளிர்ரோஸ், கிரீம், இளமஞ்சள் எல்லாம் வெளுத்துப்போய்த் தெரியும்; அழுத்தமான சிவப்பும் ஆரஞ்சும் ராணி கலரும்தான் தாக்குப்பிடிக்கும். வெளிநாட்டுப் படங்களில் குழைவாகத் தெரியும் வெளிர்நிறத் தோட்டங்கள் இங்கே சப்பென்று ஆவதற்கு இது பாதிக் காரணம். மீதிக் காரணம் செடிகள்: அந்தப் படங்களில் இருக்கும் வெள்ளிநிற இலைச் செடிகளில் பலவும் லாவண்டரும் நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்திலும் ஐப்பசி மழையிலும் அழுகிவிடும்.

ஆகவே மாலையில் உட்காரும் இடத்துக்கு வெள்ளையும் வெளிர்நீலமும், பகலில் வந்துபோகும் வாசல் பக்கத்துக்குச் சூடான நிறங்கள் என்று பிரித்துக்கொள்வது பத்தில் எட்டு வீடுகளுக்குப் பொருந்தும்.

நிறங்களுக்குள் இருக்கும் உறவு

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, மீண்டும் சிவப்பு என்று ஒரு வட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை சண்டை போடாது: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஒரு குடும்பம், நீலம், ஊதா, ரோஸ் இன்னொரு குடும்பம். எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்: ஊதாவுக்கு மஞ்சள், நீலத்துக்கு ஆரஞ்சு, சிவப்புக்குப் பச்சை. செம்பருத்தி தூரத்திலிருந்தே தெரிவது அது பச்சை இலைமேல் உட்கார்ந்திருப்பதால்.

பாரிஸில் கோப்லென் என்ற திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த செவ்ரொல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் அழுத்தமாக இல்லை என்ற புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குறை இல்லை. பக்கத்தில் நெய்த நூலின் நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியது. அந்த ஆராய்ச்சியை 1839இல் வெளியிட்டார். ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்து நிறம் பாதியளவு தீர்மானிக்கிறது என்பதைத் தோட்டத்துக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் அடிக்கடி இடறும் இடம் சிவப்பு. சிவப்பில் இரண்டு சாதி உண்டு. மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு: இட்லிப்பூ, கனகாம்பரம், மயில்கொன்றை. நீலம் பக்கம் சாய்ந்த சிவப்பு: ராணி கலர் காகிதப்பூ, வாடாமல்லி, பன்னீர் ரோஜா. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கண்ணில் உறுத்தும். என்ன தவறு என்றும் பிடிபடாது. இரண்டும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பிடுங்க வேண்டாம். நடுவில் மூன்று அடிக்குக் குறையாமல் வெள்ளைப் பூவோ கரும்பச்சை இலையோ வையுங்கள். கடையில் எது எந்தச் சாதி என்று சந்தேகம் வந்தால், ஜவுளிக்கடையில் சேலையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து பார்ப்பதைப் போல, செடியைப் பச்சை நிழல்வலைக்கு வெளியே கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிழல்வலைக்கு அடியில் எந்த நிறத்தையும் நம்பக் கூடாது.

'புளூ' என்று கடைக்காரர் சொல்லும் பூக்களில் பெரும்பாலானவை ஊதா. சமவெளியில் எளிதாக வளரும் நல்ல நீலம் சங்குப்பூ. வெளிர்நீலத்துக்குப் பிளம்பேகோ.

சுவரும் இலையும்

தோட்டத்தில் இருக்கும் மிகப் பெரிய நிறத்திட்டு பூ அல்ல, காம்பவுண்டுச் சுவர். கிரீம் சுவருக்கு முன்னால் இளமஞ்சள் பூ காணாமல்போகும். செங்கல் நிறச் சுவருக்கு முன் ஆரஞ்சும் அப்படியே. வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளைப் பூ வைக்க வேண்டுமென்றால் நடுவே அடர்பச்சை இலை வேண்டும். பச்சையும் ஊதாவுமாக வீட்டுக்கு வண்ணம் அடித்திருந்தால், அந்த ஊதாவையே மூன்று நிறங்களில் ஒன்றாகக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அதை எதிர்த்துச் செடியால் ஜெயிக்க முடியாது. தொட்டிகளுக்கும் இதே கணக்கு. சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டிகள் கலந்து கிடந்தால் பூவின் நிறம் எடுபடாது. எல்லாவற்றையும் மண் தொட்டியாகவோ ஒரே சாம்பல் நிறமாகவோ மாற்றுவது, புதுச் செடி எதுவும் வாங்காமலேயே தோட்டத்தைப் பாதி சீராக்கிவிடும்.

அடுத்தது இலை. பூ வரும் போகும். இலை பன்னிரண்டு மாதமும் நிற்கும். ஆகவே தீமின் முதுகெலும்பை இலையில் அமைக்க வேண்டும். மஞ்சளுக்குத் தங்கத் துரந்தா, சிவப்பு–மஞ்சள் கலவைக்குக் குரோட்டன்ஸ், ஊதாவுக்கு ரியோ, அடர்சிவப்புக்கு ஆல்டர்னாந்திரா. இவற்றின் நிறம் வெயிலால் வருவது. நாளுக்கு நான்கைந்து மணி நேர நேர்வெயில் இல்லாவிட்டால் குரோட்டன்ஸும் துரந்தாவும் பச்சைக்குத் திரும்பிவிடும். நிழலுக்குக் கோலியஸ் உண்டு. அதில் பல வகைகள் கடும்வெயிலில் வெளுத்து, ஓரம் கருகும். மாற்றி வைத்துவிட்டு உரம் போட்டுப் பயனில்லை.

வெள்ளை வரி, மஞ்சள் வரி போட்ட இலைச் செடிகளில் திடீரென்று முழுப் பச்சைக் கிளை ஒன்று கிளம்பும். அதில் பச்சையம் அதிகம் என்பதால் மற்றக் கிளைகளைவிட வேகமாக வளர்ந்து செடியையே பிடித்துக்கொள்ளும். கண்டவுடன் அது புறப்படும் கணுவோடு வெட்டிவிடுங்கள். நுனியைக் கிள்ளினால் போதாது.

ஒரு பாத்தி: 10 அடிக்கு 4 அடி, மாலை வெள்ளை

சுவரோரம் 10 அடி நீளம், 4 அடி அகலம், அரை நாளாவது வெயில் விழும் இடம் என்று வைத்துக்கொள்வோம். ஓரடி ஆழத்துக்குக் கொத்தி, மேலே 2 அங்குலத் தடிமனுக்கு மக்கிய சாண எருவோ மண்புழு உரமோ பரப்பிக் கலக்க வேண்டும். 40 சதுர அடிக்கு இது சுமார் 190 லிட்டர்; 20 லிட்டர் பக்கெட்டில் ஒன்பது, பத்து வரும். சாணம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் உதிர வேண்டும், நாற்றம் இருக்கக் கூடாது. பச்சைச் சாணம் போட்டால் வேர் வெந்துபோகும், வேர்ப்புழுவும் சேரும்.

பின்வரிசை: சுவரிலிருந்து ஓரடி தள்ளி, 2, 5, 8 அடிகளில் மூன்று நந்தியாவட்டை. குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. அதன் பளபளப்பான கரும்பச்சை இலையே பூவுக்குத் திரைபோல நிற்கும். வெள்ளைச் சுவராக இருந்தாலும் பூ தெரியும். ஆண்டுக்கு இருமுறை வெட்டி நாலரை அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவரிசை: இரு பக்கமும் வெள்ளை நித்தியகல்யாணி, பக்கத்துக்கு ஐந்து, ஓரடி இடைவெளியில், நேர்க்கோடாக இல்லாமல் வளைத்து நெளித்து. நடுவில் மிஞ்சும் 3 அடியில் நிலச்சம்பங்கிக் கிழங்கு பத்து, 8 அங்குல இடைவெளியில். இருட்டிய பிறகு வாசனைக்கு அது பொறுப்பு.

முன்வரிசை: வெள்ளைக்கரை ஆல்டர்னாந்திரா, 6 அங்குலத்துக்கு ஒன்று, மொத்தம் இருபது. அரை அடி உயரத்தைத் தாண்டவிடாமல் கத்தரிக்க வேண்டும். வரி போட்ட இலை இந்த ஒரு வகையோடு போதும். பின்வரிசையிலும் வரி இலை நந்தியாவட்டையை வைத்தால் பாத்தி முழுக்கச் சோகை பிடித்ததுபோல் தெரியும். வெள்ளைத் தோட்டத்துக்குப் பச்சைதான் உயிர்.

பாத்தியின் ஒரு முனையில் 12 அங்குலத் தொட்டியில் பிளம்பேகோ ஒன்று. ஆறு–மூன்று–ஒன்று கணக்கில் அந்த 'ஒன்று' இது.

வெள்ளைக்கு ஒரு தொல்லை உண்டு: வாடல் முதலில் தெரிவது அதில்தான். பழுத்துப் பழுப்பான பூக்களை இரண்டு நாளுக்கு ஒருமுறை உருவிவிடாவிட்டால் பாத்தி அழுக்காகத் தோன்றும். இதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் வெள்ளையைத் தொட வேண்டாம். இன்னொன்று, ரங்கூன் மல்லியை வெள்ளை என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். வெள்ளையாக விரிந்து, ரோஸாகி, சிவப்பாகும். மூன்று நிறமும் ஒரே கொத்தில் இருக்கும்.

நித்தியகல்யாணிக்கு மழைத்தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு கறுத்து அழுகும். பாத்தியைத் தரையைவிட 4 அங்குலமாவது உயர்த்துங்கள். கடலோர மாவட்டங்களில் இதை மழைக்கு முன் நடாமல் தை மாதத்தில் நட்டால் பாதித் தொல்லை குறையும்.

பால்கனிக்கு: நீலமும் ஆரஞ்சும்

எதிர் நிறச் சேர்க்கையை முயன்று பார்க்க நம் ஊரில் இதைவிடச் சுலபமான ஜோடி இல்லை: சங்குப்பூவும் கனகாம்பரமும். சங்குப்பூ வெயில் கேட்கும், கொடி. கனகாம்பரம் ஒன்றிரண்டு அடிச் செடி, அரைநிழலைத் தாங்கும். கிரில்லில் கொடி ஏறினால் அதன் நிழலே கீழே கனகாம்பரத்துக்குக் கிடைக்கும்.

6 அடி கிரில்லுக்கு 12 அங்குலத் தொட்டி இரண்டு, தொட்டிக்கு இரண்டு சங்குப்பூ. விதையை இரவு முழுக்க ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். ஊறாமல் கல்லாகக் கிடக்கும் விதையின் தோலை உப்புத்தாளில் லேசாக ஒருமுறை தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம். கீழே 10 அங்குலத் தொட்டிகளில் கனகாம்பரம் மூன்று. மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, கழுவிப் பிழிந்த தேங்காய்நார்க் கழிவு ஒரு பங்கு. கழுவாத நார்க் கழிவில் உப்பு இருக்கும். இலை ஓரம் கருகுவது பெரும்பாலும் அதனால்தான்.

டெல்லி கனகாம்பரம் நல்ல அடர் ஆரஞ்சு. அது விதை வைக்காது. தண்டு வெட்டி வேர்விட வைத்த செடியைத்தான் வாங்க வேண்டும். நூற்புழுவுக்கு எளிதில் ஆளாகும். செடி காரணமில்லாமல் குன்றி, வேரில் சிறு முடிச்சுகள் தெரிந்தால் அந்த மண்ணையே அப்புறப்படுத்துங்கள், வேறு தொட்டிக்கு மாற்றிப் பயன்படுத்தாதீர்கள்.

இந்த ஜோடியில் ஆரஞ்சு குறைவாக, நீலம் அதிகமாக இருப்பது நல்லது. ஆரஞ்சு கண்ணுக்கு முந்தி வரும் நிறம். சம அளவில் வைத்தால் நீலத்தை விழுங்கிவிடும். அதே காரணத்துக்காகத்தான் சின்ன இடத்தில் சூடான நிறங்களை முன்னாலும் நீலம், ஊதாவைப் பின்னாலும் வைக்கச் சொல்வார்கள்: இடம் கொஞ்சம் நீண்டது போலத் தெரியும்.

சிவப்பு–ஆரஞ்சு–மஞ்சள்

வாசலுக்கு ஏற்ற சேர்க்கை. பின்னால் மயில்கொன்றை அல்லது செம்பருத்தி 4 அடிக்கு ஒன்று, நடுவில் குரோட்டன்ஸ் 2 அடிக்கு ஒன்று, முன்னால் குட்டை இட்லிப்பூ ஒன்றேகால் அடிக்கு ஒன்று. அரளி வகைகளில் மஞ்சள் அரளியைப் பலரும் இதில் சேர்ப்பார்கள். எல்லா அரளியும் வேர் முதல் விதை வரை நஞ்சு. குழந்தைகளோ ஆடுமாடுகளோ இருக்கும் வீட்டில் மஞ்சளுக்கு அலமண்டாவும் வேண்டாம், அதன் பாலும் ஆகாது. சொர்ணப்பட்டி போதும்.

இங்கே நிறத்தைக் கெடுப்பது பெரும்பாலும் போர்த்தண்ணீர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் இட்லிப்பூவின் இளம் இலைகள், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, வெளிறி மஞ்சளாகும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாத நிலை. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் அதுவும் பூட்டிக்கொள்ளும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, சில துளி எலுமிச்சைச் சாறு, மாலையில் இலைமேல் தெளிப்பு; பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மழைத்தண்ணீர் கிடைக்கும்போதெல்லாம் அதை ஊற்றுங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் அது கரையச் சிறிது சோப்புக் கரைசலும்.

காகிதப்பூ பூக்காமல் இலையாகத் தள்ளினால் தண்ணீரும் தழைச்சத்தும் அதிகம் என்று பொருள். தண்ணீரைக் குறைத்து மேல்மண் நன்றாகக் காயவிடுங்கள். அதில் நிறம் தருவது பூ அல்ல, பூவைச் சுற்றிய செதில் இலைகள். அதனால்தான் வாரக்கணக்கில் நிற்கிறது. ஒரே செடியில் மூன்று நிறம் ஒட்டுக்கட்டி விற்பார்கள். அவற்றில் வலுவான நிறம் மற்ற இரண்டையும் ஓரிரு ஆண்டுகளில் அமுக்கிவிடும்.

வாங்குவதற்கும் நடுவதற்கும் நடுவே

செடிகளைத் தொட்டியோடு, பையோடு, நட வேண்டிய இடத்தில் ஒரு வாரம் அப்படியே வையுங்கள். காலை, உச்சி, மாலை மூன்று நேரத்திலும் செல்போனில் படம் எடுங்கள். அதே படத்தைக் கறுப்பு–வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் ஒன்று புலப்படும்: எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறம் வேறாக இருந்தும் அழுத்தம் ஒன்றாக இருக்கிறது. அப்போது ஒரு வெளிர்நிறமோ ஒரு கரும்பச்சையோ உள்ளே வர வேண்டும். ஒரே நிறத்தில் தோட்டம் போடுபவர்களுக்கு இந்தச் சோதனை மிக முக்கியம்.

அங்கங்கே தலைகாட்டும் மூன்றாம் நிறத்தைத் தவிர, ஒவ்வொரு வகையிலும் மூன்றுக்குக் குறையாமல் ஒன்றாக நடுங்கள். ஒற்றைச் செடி புள்ளியாகத் தெரியும். மூன்று சேர்ந்தால்தான் நிறமாகத் தெரியும். பிறகு அதே கூட்டத்தைப் பாத்தியின் இன்னொரு இடத்தில் மறுபடி கொண்டுவாருங்கள்.

பூக்கும் காலத்தையும் பாருங்கள். டிசம்பர் பூவின் ஊதாவும் சாமந்தியின் மஞ்சளும் மார்கழியில் சேர்ந்து வரும் என்று திட்டமிடலாம். ஆனால் சாமந்திக்கு நீண்ட இரவு வேண்டும். தெருவிளக்கோ போர்ட்டிகோ விளக்கோ இரவெல்லாம் மேலே விழுந்தால் மொட்டு தள்ளிப்போகும்; நல்ல செடி, நல்ல உரம், பூ மட்டும் வராது. பொங்கலுக்குத் துலுக்கச் சாமந்தி வேண்டுமானால் அக்டோபர் நடுவில் விதைத்து, 25–30 நாளில் நாற்றைப் பிடுங்கி நட்டு, ஒரு மாதம் ஆனதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். சித்திரை வெயிலில் நிறத்தைத் தாங்குபவை காகிதப்பூ, வாடாமல்லி, சங்குப்பூ, டேபிள் ரோஸ். டேபிள் ரோஸ் வெயில் ஏறியபின் விரிந்து பிற்பகலில் மூடிவிடும். மாலைத் தோட்டத்துக்கு அதனால் பயனில்லை.

விதைப் பாக்கெட்டில் 'மிக்ஸ்' என்று இருந்தால் எடுக்காதீர்கள். ஜினியா, பால்சம், கோழிக்கொண்டை எல்லாம் தனி நிறப் பாக்கெட்டிலும் கிடைக்கின்றன. வீரிய ஒட்டு ரகத்திலிருந்து எடுத்த விதை தாயின் நிறத்திலேயே பூக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நித்தியகல்யாணியும் கோழிக்கொண்டையும் தாமாகவே விதை சிந்தி முளைக்கும். வெள்ளைப் பாத்தியில் முளைத்த நாற்றுகளை உடனே பிடுங்காமல் முதல் பூ வரை விட்டுப் பாருங்கள். ரோஸாக விரிந்ததை மட்டும் வேரோடு எடுத்து, வாடாமல்லி இருக்கும் பக்கம் நட்டுவிடலாம்.